தாது வருஷப் பஞ்சம், பக்கிங்காம் கால்வாய்: மூல ஆவணங்களை எங்கே தேடுவது?

வணக்கம் நண்பர்களே. தங்கை எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய பக்கிங்காம் கால்வாய்ப் பகுதிதான் அவள் ஆய்வேடு. இணையத்தில் கட்டுரைகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது மாதிரியே இருக்கிறது, செத்தவர் கணக்கு தளத்துக்குத் தளம் மாறுகிறது, எங்கிருந்து எடுத்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. விக்கிப்பீடியாவை அடிக்குறிப்பில் போட்டால் நெறியாளர் சிவப்பு மையால் சுழித்துவிடுகிறார். (அவர் செய்வது சரிதான்.)

1880 பஞ்சக் கமிஷன் அறிக்கை கையில் இருக்கிறது. சோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) பழைய ஆய்வேடுகளின் நூற்பட்டியலையும் துழாவியாயிற்று. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் ஆண்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா என்று குறைத்தது, சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதியது, இதெல்லாம் கிடைத்துவிட்டது. கிடைக்காதது கால்வாயில் மண் சுமந்தவர்களைப் பற்றித்தான்: எந்த ஊர்க்காரர்கள், பெண்களுக்கு என்ன கூலி, எங்கே தங்கினார்கள்?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இதற்கு வருவாய் வாரியப் பதிவுகளைக் கேட்பதா, பொதுப்பணித் துறையுடையதையா? கல்லூரிக் கடிதம் மட்டும் போதுமா, அனுமதிக்கு எத்தனை நாள் ஆகும்? அப்புறம், பஞ்சத்தைப் பாடிய கும்மி, சிந்து நூல்கள் ரோஜா முத்தையா நூலகத்தில் இருக்குமா? அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தனிச்செய்தியில் வந்தாலும் சரி, அடுத்த மாதம் முதல் இயலைக் கொடுக்க வேண்டும்.