நாடகத்தில் சல்லாத் திரையில் (மெல்லிய வலைத்துணித் திரை) படம் காட்டியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாம் மணி:
பேய் வரும் காட்சி. வெள்ளைச் சல்லாத் திரையில் புரொஜெக்டர் மழை, மழைக்குள்ளிருந்து இறந்துபோன அண்ணன் தோன்ற வேண்டும். ஒத்திகையில் திரை மட்டும்தான் இருந்தது, அண்ணன் வரவில்லை. நாடகத்தன்று பின்விளக்கு எரிந்ததும் அண்ணன் தெரிந்தார். ஆனால் அதே மழை அவர் வேட்டியிலும் பெய்தது, அவருக்குப் பின்னாலிருந்த படுதாவிலும் பெய்தது. மூன்று மழை, மூன்று அளவில். முன்வரிசையில் ஒருவர் "யாராவது குடை கொடுங்கள்" என்றார். செத்தவரே சிரித்துவிட்டார்! துணி சரியில்லை என்று இயக்குநர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். புரொஜெக்டரை எதிரே நேராக வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

சாய்வொளி:
துணி என்ன செய்யும்? சல்லாவில் நூலைவிட ஓட்டைதான் அதிகம். அதன் வழியே போகும் ஒளி எங்காவது விழத்தான் செய்யும். அது நடிகர் மேல் விழாமல் தரையில் விழும்படி, புரொஜெக்டரை உயரத்தில் ஏற்றி நன்றாகச் சாய்த்திருக்க வேண்டும். பின்னால் படுதாவுக்குப் பதில் கறுப்பு வெல்வெட். எங்கள் குழு கறுப்பு வலையையே கட்டியது. படம் மங்கல்தான். ஆனால் பின்விளக்கை மெல்ல ஏற்றியபோது இருட்டில் முகம் மட்டும் மிதந்து வந்தது. ஒரு குழந்தை வீரிட்டு அலற, தாய் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அப்படி ஓர் அலறல் அதற்குப் பிறகு கிடைக்கவில்லை என்று நடிகைக்கு இன்னும் குறை.

படுதா ராசா:
கறுப்பு வலையில் படம் தெரிய எவ்வளவு வெளிச்சம் வேண்டும் தெரியுமா? பள்ளிக்கூட புரொஜெக்டரை இரவல் வாங்கும் குழுக்களுக்கு அது ஆகாது. இந்தப் பேய் வித்தைக்குப் பெப்பர்ஸ் கோஸ்ட் என்று பெயர். எங்கள் அனுபவம்: காடாத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தோம். பக்கவிளக்கு பட்டதும் அம்மன் முகத்தின் குறுக்கே தையல் கோடு, மூக்குத்தி வழியாக. பக்தர்கள் கவனிக்கவில்லை, எனக்கு வேறு எதுவுமே தெரியவில்லை. ஆகவே அகலமான துணியாகத் தேடுங்கள். ஒட்டு தவிர்க்க முடியாவிட்டால் முகம் விழாத இடத்தில் வையுங்கள். மேல்விளிம்பில் அடிக்கொரு நாடா தைத்துக் குழாயில் கட்டுங்கள். கீழ்விளிம்பில் உறைபோல மடித்துத் தைத்து இரும்புக் குழாயைச் செருகுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரத்தை முதலில் இழுத்தால் சுருக்கம் நடுவில் வந்து உட்காரும். தீத்தடுப்பு மருந்து தோய்த்த பருத்தித் துணியைத் தண்ணீரில் துவைக்காதீர்கள், மருந்து போய்விடும். நைலான் கொசுவலை மலிவு என்று சூடான விளக்கருகே கட்டாதீர்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

பக்கத்திரை:
ராசா, பெப்பர்ஸ் கோஸ்ட் கண்ணாடி வித்தை. 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டியது, சாய்த்து நிறுத்திய கண்ணாடியில் தெரியும் பிம்பம். வலைத்திரை வேறு. நிற்க. எங்கள் நாடகத்தில் நிலவு மேலேற வேண்டும். அரங்கத்தில் ஏசியைப் போட்டதும் திரை உப்பியது, நிலவு கோழிமுட்டை ஆனது. காற்று அடங்கினால் வட்டம், மறுபடி வீசினால் முட்டை. கதாநாயகி அதைப் பார்த்து "பூரணச் சந்திரனே" என்றார். கீழே குழாய் போட்டிருந்தோம் ராசா, இருபக்கமும் இழுத்துக் கட்டத்தான் ஆணி அடிக்கவிடவில்லை. ஏசியை நிறுத்தச் சொன்னால் மேலாளர், "வாடகையில் அதற்கும் சேர்த்துத்தான் வாங்கினோம், ஓடட்டும்" என்றார்.