இங்கிலாந்து மாதிரி 15 வருஷத்துக்கு ஆள் கணக்கு போட்டா நம்ம பி.எச்.சி.யில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) நர்ஸ் இருப்பாங்களா?

காட்பாடி ஜங்ஷன்:
அக்கா பொண்ணு நர்சிங் முடிச்சிட்டு இங்கிலாந்து போகத் தயாராவுது. அதுக்காகத் தேடினப்போ அங்க அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். 2023 ஜூன்ல போட்ட 15 வருஷ ஆள்பலத் திட்டம் கிடைச்சுது. இப்படியே விட்டா 2036-37ல 2,60,000 முதல் 3,60,000 பேர் வரை பற்றாக்குறை வரும்னு கணக்கு. அதனால 2031க்குள்ள டாக்டர் சீட்டை 7,500ல இருந்து 15,000 ஆக்கணும், புதுசா எடுக்கிறதுல கிட்டத்தட்ட கால்வாசியா இருக்கிற வெளிநாட்டு ஆளுங்களைப் பத்து சதவீதம் பக்கம் கொண்டுவரணுமாம். நமக்கு அப்படி ஏதாவது உண்டா? அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கிற வாரியமான எம்.ஆர்.பி. அறிவிப்பு வந்தாத்தான் காலியிடம் எத்தனைன்னே தெரியுது.

பாலாத்து மணல்:
தலைவரே, அந்தத் திட்டம் ரெண்டு வருஷம்தான் தாங்குச்சு. ஆட்சி மாறிச்சு. 2025 மார்ச்சுல என்.எச்.எஸ்.ஸை நடத்துற என்.எச்.எஸ். இங்கிலாந்துங்கிற நிர்வாக அமைப்பையே கலைக்கப் போறோம்னுட்டாங்க. ஜூலையில வந்த பத்தாண்டுத் திட்டம், 2035ல முன்னாடி சொன்னதைவிட ஆள் கம்மியாத்தான் இருப்பாங்கன்னு சொல்லுது. இன்னா கணக்கு அது? நம்மகிட்ட 1939லேயே பொது சுகாதாரச் சட்டம், அதுக்குன்னு தனி கேடர், அதாவது தனிப் பணிப்பிரிவு. 2012ல எம்.ஆர்.பி. வந்துச்சு. டாக்டருங்க கிராமத்து பி.எச்.சி.க்கு வர்றது, மேற்படிப்பு (பி.ஜி.) சீட்டுல அரசு வேலையில இருக்கிறவங்களுக்கு சர்வீஸ் கோட்டா 50 சதவீதம் இருக்கிறதால. ஆளை வரவைக்க வழி இருந்தா போதும், ஜோசியம் வேணாம்.

காட்பாடி ஜங்ஷன்:
கோட்டா டாக்டருக்கு சரி, நர்சுக்கு? 2015ல எம்.ஆர்.பி. பரீட்சை எழுதி வந்தவங்களுக்கு 7,700 ரூபா தொகுப்பூதியம். காலமுறை ஊதியம் கேட்டு 2017 நவம்பர்ல சென்னையில மருத்துவத் துறை தலைமை ஆபீஸ் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்துல போராட்டம்னு உக்காந்தாங்களே, மறந்துட்டீங்களா?

நைட் டூட்டி:
ரெண்டு பேரும் தலையை எண்றீங்க. நான் மலையடிவாரத்துல ஒரு பி.எச்.சி.யில ஸ்டாஃப் நர்ஸ். பிரசவம் பாக்கற இடம், அதனால 24 மணி நேரமும் ஆள் வேணும். எங்களுக்கு போஸ்ட் மூணு. வாரத்துக்கு 168 மணி நேரம். மூணால வகுத்தா ஆளுக்கு 56. யாரும் லீவே போடாத வாரத்துக்கு இது. தமிழ்நாட்டுல பிரசவ லீவு 2021ல இருந்து ஒரு வருஷம். நல்ல விஷயம்தான், நானும் எடுத்தேன். ஆனா நான் லீவுல இருந்த வருஷம் மத்த ரெண்டு பேரும் பன்னெண்டு மணி நேரம் மாத்தி மாத்திப் பாத்தாங்க. நடுவுல ஒரு அக்காவை வேற இடத்துக்குத் தற்காலிகமா டெபுடேஷன் போட்டாங்க. ரெக்கார்டுல மூணு போஸ்டும் ஃபில்டு, காலியிடம் பூஜ்யம்!

லீவுல போறவங்களுக்குப் பதிலா பாக்க லீவ் ரிசர்வ்னு தனியா ஆள் குடுங்கன்னு எவ்ளோ நாளா கேக்கறோம். உலக சுகாதார நிறுவனமே ஒரு முறை வச்சிருக்கு. லீவு, ட்ரெயினிங் எல்லாம் கழிச்சு ஒருத்தருக்கு வேலை செய்ய எத்தனை மணி நேரம் மிஞ்சுதுன்னு பாத்துட்டு, அங்க இருக்கிற வேலைக்கு எத்தனை பேர்னு எண்ணணும். மக்கள்தொகையை வச்சு ஒரே அளவா போஸ்ட் போட்டா பீஞ்சமந்தை மாதிரி மலை ஊருக்கும் காட்பாடிக்கும் ஒரே கணக்குதான் வரும்.

ஆம்பூர் பிரியாணி:
வேலூர் சி.எம்.சி.யில (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) சர்ச் ஸ்பான்சர்ஷிப்புல படிக்கிற பசங்க முடிச்சதும் ரெண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில வேலை செஞ்சாகணும். அரசு காலேஜ் நர்சிங்குக்கும் அப்படி வைக்கலாமே.

நைட் டூட்டி:
தம்பி, அரசு வேலைக்கு நர்சுங்க வரமாட்டேன்னா சொல்றாங்க? எம்.ஆர்.பி. பரீட்சைக்கு எவ்ளோ கூட்டம்னு போய்ப் பாருங்க. போஸ்ட்தான் இல்ல.

பாலாத்து மணல்:
சிஸ்டர் சொல்றது நியாயம். ஆனா பிரசவம் பாக்கற எல்லா பி.எச்.சி.க்கும் மூணை அஞ்சாக்குனா சம்பளம், பென்ஷன்னு நிதித்துறை ஃபைலைத் திருப்பி அனுப்பும். 15 வருஷத் திட்டம் அந்த ஃபைலை நகர்த்துமா?

காட்பாடி ஜங்ஷன்:
நகர்த்தாட்டியும், 56 மணி நேரம்னு அரசாங்கமே அச்சடிச்சு வெளியிட்டா சட்டசபையில கேள்வி கேட்கலாம். இப்ப கேட்டா காலியிடம் இல்லன்னு பதில் வரும், அதை நம்ம ரெக்கார்டே சாட்சி சொல்லும்.