பழைய அசலா, நகலா: ஈம்ஸ் நாற்காலி வாங்க ஆலோசனை தேவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் வடிவமைத்து, 1956-இல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்ட லவுஞ்ச் நாற்காலியை அதன் கால்மணையோடு வாங்க எண்ணியுள்ளேன். பழைய அசல், உரிமம் பெற்று இன்றும் தயாரிக்கப்படும் புதியது, உரிமமின்றிச் செய்யப்படும் நகல் என மூன்று வழிகள் உள்ளன. புதியது என் கைக்கு எட்டாது என்பதால் மற்ற இரண்டைப் பற்றியே கேட்கிறேன்.

பழையதில் என்னை அச்சுறுத்துவது ரப்பர்தான். முதுகுப் பலகையின் உட்புறம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும் ரப்பர் வில்லைகள் காலப்போக்கில் இறுகி, ஒருநாள் சாய்ந்து அமரும்போது பிய்ந்துகொண்டால், வளைத்த பிளைவுட்டும் சேர்ந்து சேதமடையக்கூடும். வாங்குவதற்கு முன்பே அவற்றின் நிலையை எவ்வாறு சோதிப்பது? முன்கூட்டியே மாற்றிவிட்டால் நாற்காலியின் மதிப்பு குறையுமா? தொடக்ககால நாற்காலிகளில் பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட் என்னும் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளதால், விற்பவரிடம் எந்த ஆவணங்களைக் கேட்க வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

நகல்களைப் பொறுத்தவரை, அசல் நாற்காலியின் அடித்தளத்தில் ஐந்து கால்கள் இருக்க, நான் பார்த்த ஒன்றில் நான்கே இருந்தன. கண்ணுக்குத் தெரிவதிலேயே இப்படியென்றால் உள்ளே எப்படியோ! நகலை ஐந்தாறு ஆண்டுகளாவது பயன்படுத்தியவர்கள், அதன் தோலும் மெத்தையும் எவ்வாறு தாங்கின என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.