ஸ்விஃப்ட் 185/65 ஆர்15: மழைப் பிடிப்பு, சத்தம், ஆயுள் மூன்றுக்கும் எந்த டயர்?

ஆழியாறு_வளைவு

வணக்கம். 2019 ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ பெட்ரோல். கம்பெனி டயர் 46,000 கி.மீ. ஓடிவிட்டது. முன்டயர் இரண்டிலும் உள்பக்க பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டை) மட்டும் வழுவழுன்னு தேய்ந்திருக்கு, வெளிப்பக்கம் நன்றாகவே இருக்கு. 60 தாண்டினால் பின்னாலிருந்து ஒரே இரைச்சல். வால்பாறைக்கு அடிக்கடி போகிற வண்டி, அதனால் மழையில் அந்த 40 கொண்டை ஊசியிலும் பிடிப்பு வேண்டும். கடையில் 185/65க்குப் பதில் 205/60 (முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் சதவீதம்) போடுங்க, பிடிப்பு கூடும் என்கிறார்கள். ட்ரெட்வேர் எண் (சைடுவாலில் இருக்கும் தேய்மானத் தர எண்) பெரிதாக உள்ள டயர் காட்டி, இதுதான் ரொம்ப நாள் உழைக்கும் என்றும் சொல்கிறார்கள். என்ன வாங்கலாம்?

டோ_கேம்பர்

வாங்குவதற்கு முன்னால் பழைய டயரைப் படியுங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்தால் அது டயரின் குறை இல்லை, டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் நிற்கும் கோணம், வெளிப்பக்கம் விரிந்திருக்கிறது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் டோ-வைச் சரிசெய்துவிடலாம். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ ஆடினால் அலைன்மென்ட் நிற்காது. புது டயரும் அதே இடத்தில்தான் தேயும். முதலில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் அதை மாற்றிய பிறகே அலைன்மென்ட்.

இரைச்சலுக்கு: பின்டயர் மேல் உள்ளங்கையை உருளும் திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ஒவ்வொரு கட்டையின் முனையும் விரலில் தட்டினால் ரம்பப்பல் தேய்மானம். ரொட்டேஷன் (டயர்களை முன்பின் இடம் மாற்றுவது) செய்யாத முன்சக்கர இழுவை வண்டிகளின் பின்டயரில் சாதாரணமாக வருவது. தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறும்போது சத்தம் மாறினால் டயர். ரோடு மாறியும் மாறாமல், வண்டியை லேசாக இடம் வலம் திருப்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். பேரிங் போனதற்கு விலை உயர்ந்த டயர் வாங்கிப் பயனில்லை.

சிலிக்கா

மேலே சொன்னதோடு ஒன்று. மூன்றும் முழுதாகக் கிடைக்காது. ரப்பர் கெட்டியாக இருந்தால் ஆயுள் கூடும், ஈர ரோட்டில் பிடிப்பு குறையும். ரப்பரில் சேர்க்கும் சிலிக்கா கலவை இந்த இழுபறியை நிறையக் குறைத்திருக்கிறது, ஒழித்துவிடவில்லை. மலை ஏறுகிறவர் ஆயுளில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், சியட் மைலேஸ் போன்றவை ஆயுளை முன்னிறுத்தி விற்கப்படுபவை, டாக்சிக்குப் பொருத்தம். உங்களுக்கு மிஷெலின் பிரைமசி 4 எஸ்டி, யோகோஹாமா புளூஎர்த்-ஜிடி வரிசையைப் பாருங்கள்.

ட்ரெட்வேர் எண்ணை வைத்து இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதீர்கள். டெக்சாஸில் 640 கி.மீ. சுற்றுப்பாதையில் மொத்தம் சுமார் 11,500 கி.மீ. ஓட்டி, ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு, கடைசியில் எண்ணைப் போடுவது அந்தத் தயாரிப்பாளரேதான். பக்கத்தில் வரும் ஏஏ, ஏ, பி தரம் ஈரத்தில் நேர்கோட்டு பிரேக் பிடிப்புக்கு மட்டும். வளைவில் எப்படி நிற்கும் என்று அது சொல்லாது.

205/60 வேண்டாம். விட்டம் 621.5 மி.மீ.க்கு 627தான், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அகலம் கூடினால் தேங்கிய தண்ணீர் மேல் டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும், ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் குறையும். ரிம் அகலம் குறைந்தது 5½ ஜே (5½ அங்குலம்) இருந்தால்தான் அதை மாட்டவே முடியும். 185/65ஐயே வைத்து நல்ல ரகமாக வாங்குங்கள். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோட் எண் 88க்குக் கீழே போகாதீர்கள். 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ.

ஆழியாறு_வளைவு

மிக்க நன்றி. பின்டயரில் கை தட்டுகிறது, ரம்பப்பல்தான். பட்ஜெட் இடித்தால் இப்போதைக்கு இரண்டு மட்டும் வாங்கி முன்னால் போடலாமா?

டோ_கேம்பர்

இரண்டு வாங்கலாம், ஆனால் புதுசு பின்னால்தான் போக வேண்டும். முன்டயர் வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். மழையில் இறக்க வளைவில் பின்பக்கம் வீசினால் சமாளிக்க நேரமே இருக்காது. இப்போது பின்னால் இருப்பவை முன்னால் வரும். இரைச்சல் உடனே போகாது, அங்கே தேயத் தேயக் குறையும். காடியில் இருக்கும் டிடபிள்யூஐ மேடு (தேய்மானம் காட்டும் குறி) 1.6 மி.மீ.; அதைத் தொட்டால் சட்டப்படி முடிந்தது. மலை மழைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள்.

சிலிக்கா

கடையில் நிற்கும்போது: சைடுவாலில் ‘டிஓடி’ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தை, அதாவது தயாரித்த வாரத்தையும் வருஷத்தையும், பாருங்கள், 2324 என்றால் 2024ன் 23வது வாரம். ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்த சரக்கென்றால் வேறு கேளுங்கள். ‘அவுட்சைடு’ எழுத்து வெளியே தெரிகிறதா பாருங்கள், அவசரத்தில் திருப்பி மாட்டிவிடுவார்கள். வால்வு புதிதாகப் போடச் சொல்லுங்கள். நட்டை ஏர் கன்னிலேயே முடிக்க விடாமல், மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள்.

காற்று, கதவுத்தூணில் ஒட்டியுள்ள அளவு, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன். கூட வைத்தால் நடுப்பகுதி தேயும், சத்தமும் ஏறும். குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும். 8,000 கி.மீ.க்கு ஒருமுறை ரொட்டேஷன்: முன்னவை நேராகப் பின்னால், பின்னவை குறுக்காக முன்னால். உருளும் திசை காட்டும் அம்புக்குறி உள்ள டயர் என்றால் அதே பக்கத்தில் மட்டும். முதல் 300 கி.மீ. வளைவில் நிதானம் வேண்டும், டயர் வார்க்கும் அச்சிலிருந்து எடுக்கத் தடவிய பூச்சு அதற்குள்தான் தேய்ந்து போகும். வால்பாறைக்கு அடுத்த நாளே ஏறாதீர்கள்.