முதியோர் கையில் மருத்துவக் கருவிகள்: வீட்டில் கண்டவை

தந்தையைக் கவனித்துக்கொள்ளும் மகள்:

எண்பதை நெருங்கும் என் தந்தைக்குச் சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உண்டு. அளந்த மாத்திரத்தில் கைப்பேசிச் செயலியில் தானே பதிவாகிவிடும் இரத்த அழுத்தமானி ஒன்றை அவர் பயன்படுத்தி வருகிறார். ஒரு மாதப் பதிவைப் பார்த்த மருத்துவர், காலையில் இயல்பாக இருக்கும் அளவு மாலையில் 160ஐத் தாண்டுவதைக் கவனித்தும், மருந்தைக் கூட்டாமல், "வீட்டில் எப்படி அளப்பீர்களோ, அப்படியே இங்கே செய்து காட்டுங்கள்" என்றார். அப்பா சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, கால்மேல் கால் போட்டு, கையைத் தொங்கவிட்டபடி, பேசிக்கொண்டே பொத்தானை அழுத்தினார். மாலையில் நடந்துவிட்டு வந்த கையோடு அளப்பதாகவும் சொன்னார். இவை எல்லாமே அளவை உயர்த்திக் காட்டக்கூடியவை.

அங்கிருந்த செவிலியர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். முதுகு சாய்ந்தும் பாதங்கள் தரையில் பதிந்தும் இருக்க வேண்டும். வெறுந்தோலில் பட்டையைச் சுற்றி, கையை இதய மட்டத்தில் மேசைமீது வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்க வேண்டும். மருத்துவமனையில் 140/90 எல்லை என்றால், வீட்டில் 135/85 என்று கொள்ள வேண்டும் என்பதையும் அவர்தான் விளக்கினார். அதன் பிறகு மாலை அளவுகள் பெரிதும் இறங்கின. செயலி எண்ணைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த எண் எப்படிப்பட்ட நிலையில் எடுக்கப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தால் அப்பாவுக்குத் தேவையற்ற மாத்திரை ஒன்று கூடியிருக்கும், அதனால் தலைசுற்றி விழவும் நேர்ந்திருக்கலாம் என்று நினைக்கும்போது, அந்த மருத்துவரின் ஒற்றைக் கேள்விக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாயின் மகன்:

என் தாயார் மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சாரைப் பயன்படுத்துகிறார். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் கைப்பேசி கூவும். அடுத்த அறையில் உறங்கும் நான் விழித்துக்கொள்வேன். தலைமாட்டில் கைப்பேசியை வைத்திருக்கும் அம்மாவுக்கோ அது கேட்பதில்லை. முதுமையில் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான் என்பது பிறகு தெரிந்தது. தாழ்ந்த ஒலியாக மாற்றி, அதிர்வையும் சேர்த்த பின் அவரே எழுந்துகொள்கிறார்.

சில இரவுகளில் சென்சார் தாழ்வு என்று எச்சரிக்கும்; விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை சரியாகவே இருக்கும். சென்சார் ஒட்டிய கையின்மேல் ஒருக்களித்துப் படுத்தால், அழுத்தத்தினால் இப்படிப் பொய்யான தாழ்வு காட்டுவதுண்டு. மேலும் அது அளப்பது இரத்தத்தை அன்று, தோலுக்கடியில் உள்ள திரவத்தை. ஆகவே சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். உடல் சொல்வதும் திரை சொல்வதும் முரண்பட்டால் விரல்நுனிச் சோதனை என்பதும், தாழ்வு உண்மையானால் உடனே 15 கிராம் சர்க்கரை எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்ப்பது என்பதும் அம்மாவுக்கு இப்போது மனப்பாடம்.

இதயச் செயலிழப்பு உள்ள மூத்தவர்:

மேலே எழுதிய இருவரும் பிள்ளைகள்; நான் நோயாளி. இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிடுவது அன்று, உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை அதனால் சரிவர இறைக்க முடியாத நிலை. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், எடைக்கருவியில் ஏறி நிற்கிறேன். உடலில் நீர் தேங்கத் தொடங்கினால், கால் வீங்கி மூச்சு வாங்குவதற்கு முன்பே எடை அதைக் காட்டிக்கொடுத்துவிடுவதுண்டு. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால் அழைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ஆரம்பத்தில் ஒவ்வோர் எண்ணும் உடனுக்குடன் என் பிள்ளைகளின் கைப்பேசிக்குப் போனது. அரைக் கிலோ கூடினாலும் "என்னப்பா சாப்பிட்டீர்கள்?" என்று அழைப்பு வந்துவிடும். அவர்களுடைய அக்கறை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும், கண்காணிக்கப்படுகிறோம் என்ற எண்ணம் வந்துவிட்டால் கருவியில் ஏறவே மனம் வராது. ஏறாத நாளில்தான் ஆபத்து. ஆகவே உட்கார்ந்து பேசி, மருத்துவர் சொன்ன எல்லையைத் தாண்டினால் மட்டும் மகளுக்குச் செய்தி போகும்படி மாற்றிக்கொண்டோம். மற்ற நாள்களின் எண்கள் என்னிடமே இருக்கும். விரல் நுனி வறண்டிருப்பதால் தொடுதிரை பல நேரம் என் தொடுதலை ஏற்பதில்லை; செயலியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பொத்தான்களும் இடம் மாறிவிடுகின்றன. அதனால் ஒரு நோட்டிலும் எடையை எழுதி வருகிறேன். மருத்துவர் இரண்டையும் பார்க்கிறார்.