எச்பி இசட்420: மதர்போர்டு மாற்றினால் ஆறு கோர் ஓடுமா?

காட்பாடி_ஃப்ளெக்ஸ்:
ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் எச்பி இசட்420 சிஸ்டம். ஜியான் இ5-1620, 16 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ஆறு கோர் உள்ள இ5-1650 வி2 (இரண்டாம் தலைமுறை) பிராசசர் போட ஆசை. பயாஸ் (போர்டில் உள்ள தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்தாலே போதும் என்கிறார் வேலூர் கடைக்காரர். எஃப்10 அழுத்தி வரும் பயாஸ் திரையில் பூட் பிளாக் (பயாஸில் முதலில் ஓடும் பகுதி) தேதி 2011 என்று காட்டுகிறது. போர்டையே மாற்றணுமா? சாதா ஏடிஎக்ஸ் போர்டு உட்காருமா?

பழைய_ஜியான்:
பயாஸ் அப்டேட் பூட் பிளாக்கைத் தொடாது சார். 2011 என்றால் வி2 ஓடாது. 2013 தேதி உள்ள போர்டுதான் வேணும். போர்டு ஸ்டிக்கரில் 618263-003 இருக்கணும். 001, 002 பழசு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் எஃப்10 திரையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க, ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க.

சாதா போர்டு வேண்டாம். இதன் பவர் சப்ளையில் மெயின் கனெக்டர் 18 பின், அங்கே கேட்பது 24. இதிலுள்ள டிடிஆர்3 ரேமும் இப்போ வர்ற சாதா போர்டில் ஏறாது. கேபினட் மட்டும் மிஞ்சும்.

சத்துவாச்சாரி_சர்வீஸ்:
மாற்றும் முன் பயாஸில் சாட்டா மோடு (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஏஎச்சிஐயா, ரெய்டா என்று குறிச்சு வைங்க. புதுப் போர்டிலும் அதையே வைக்கலேன்னா விண்டோஸ் 0x0000007B நீலத்திரையோட நிற்கும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் முதல்லயே நிறுத்திடுங்க.

பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, அப்புறம்தான் கை வைக்கணும். இதன் பிராசசர் சாக்கெட்டில் (பெயர் எல்ஜிஏ 2011, வருஷம் இல்லை) லீவர் இரண்டு. பின் எல்லாம் சாக்கெட்டில்தான் இருக்கு. பிராசசரை நேராக இறக்கணும்; நகர்த்தினால் பின் வளையும், போர்டு காலி. பிராசசர் மேல் தெர்மல் பேஸ்ட் பச்சைப் பட்டாணி அளவு, நடுவில். ஹீட்சிங்க் ஸ்க்ரூ நாலையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்க. 130 வாட் பிராசசர், வேலூர் மே மாசம்; ஃபேன் தூசியையும் அப்பவே ஊதிடுங்க.

ரேம் கூட்டுவதானால் அன்பஃபர்டு இசிசி (பிழை திருத்தும், ஆனால் ரெஜிஸ்டர் சிப் இல்லாத ரேம்) மட்டும். மலிவாகக் கிடைக்கிற சர்வர் ரேம் பெரும்பாலும் ரெஜிஸ்டர்டு, இதில் ஓடாது. சிவப்பு விளக்கு ஐந்து முறை மின்னி ஐந்து பீப் வந்தால் ரேம் தகராறுதான்.

பழைய_ஜியான்:
ஒன்று விட்டுப்போச்சு. டிசைன் மென்பொருள் கோரல் டிராவில் பல வேலைகள் ஒரே கோரில்தான் ஓடும். 1620-க்கு டர்போ (உச்ச வேகம்) 3.8 கிகாஹெர்ட்ஸ், 1650 வி2-க்கு 3.9. கோர் கூட்டினதில் பெரிசா வேகம் தெரியாது. முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு சாட்டா எஸ்எஸ்டி போடுங்க. 6 ஜிபிபிஎஸ் போர்ட் இரண்டுதான் இருக்கு, அதில் ஒன்றில் மாட்டுங்க. போர்டுக்கு அப்புறம் காசு செலவழிக்கலாம். எந்த போர்டு போட்டாலும் இந்த மாடலுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. 10-க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிஞ்சாச்சு.

காட்பாடி_ஃப்ளெக்ஸ்:
அப்போ எஸ்எஸ்டியும் இன்னொரு 16 ஜிபி அன்பஃபர்டு இசிசியும். போர்டு இப்போதைக்கு வேண்டாம். நன்றி சார்.