இன்டர்கூலர் பைப்பில் ஆயில்: டர்போ போய்விட்டதா?

பூஸ்ட்பிரியன்:
1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், 90,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டி. ஒரு கிளாம்ப் லூஸ் ஆனதால் டர்போவில் இருந்து, அது அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் பைப்பைக் கழற்றினேன், உள்ளே தொட்டால் விரல் முழுக்க ஆயில், பைப்பின் வளைவில் கொஞ்சம் தேங்கியும் நின்றது. சைலென்சரில் நீலப்புகை இல்லை, பவரும் குறையவில்லை. ஒரு ஆயில் சேஞ்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அரை லிட்டர் அளவுக்கு டாப்-அப் செய்ய வேண்டியிருக்கிறது, முன்பு அப்படி இல்லை. இன்னொன்று, நீண்ட மேடு ஏறி இறங்கிய பிறகு பார்த்தால் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) லேசாக மேலே எழும்பி நிற்கிறது. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு "டர்போ சீல் போச்சு, மொத்தமா மாத்திடலாம்" என்கிறார். கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) போட்டால் சரியாகிவிடும் என்று சிலர். எதை நம்புவது?

ஸ்பானர்சாமி:
டர்போவை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் போகிற போக்கில் சொன்ன டிப்ஸ்டிக் விஷயம்தான் இதில் முக்கியம். டிப்ஸ்டிக் எழும்புகிறது என்றால் கிராங்க்கேஸில் (பிஸ்டன்களுக்குக் கீழே இருக்கும் அறை) பிரஷர் ஏறுகிறது.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கொஞ்சம் கேஸ் கீழே இறங்கத்தான் செய்யும், அதுதான் ப்ளோ-பை. டர்போ எஞ்சினில் சிலிண்டர் பிரஷர் அதிகம், அதனால் இதுவும் அதிகம். அந்தக் கேஸ் ஆயில் ஆவியையும் சேர்த்துக்கொண்டு வெளியேற இரண்டு வழி உண்டு. ஐடிலிலும் மெதுவாக ஓட்டும்போதும் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) வேக்குவம் இருக்கும், அப்போது பிசிவி (கிராங்க்கேஸ் கேஸை வெளியேற்றும் ஒருவழி) வால்வு வழியாக நேரே மேனிஃபோல்டுக்குப் போகும். பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், வந்ததும் மேனிஃபோல்டில் பிரஷர் ஏறிவிடுவதால் அந்த வால்வு மூடிக்கொள்ள வேண்டும், கேஸ் ப்ரீதர் ஹோஸ் வழியாக டர்போவின் முன்பக்கம் போய்ச் சேரும். ஆகவே பைப்பில் ஒரு மெல்லிய ஆயில் படலம் இருப்பது சகஜம். தேங்கி நின்றால்தான் விசாரிக்க வேண்டும்.

டர்போவா ப்ரீதரா என்று கண்டுபிடிக்க, டர்போவுக்குள் காற்று நுழையும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, ப்ரீதர் வந்து சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கிருந்தே ஈரமாக இருந்தால் ஆயில் டர்போவுக்கு முன்னாலேயே வருகிறது, டர்போ மேல் பழி போட முடியாது. நுழையும் பக்கம் காய்ந்து, வெளியேறும் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம். அப்படியே டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கும், பிளேடு ஹவுசிங்கில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் ஆடுவது கையில் உணரும்படி இருந்தால் மோசம்.

மூன்றாம்கியர்:
சாமி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டர்போவில் இருப்பது ரப்பர் சீல் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு இரும்பு வளையம். டர்போவுக்குப் போகும் ஆயில் தன் எடையில் வடிந்து கீழே ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். கிராங்க்கேஸில் பிரஷர் இருந்தால் அது வடியாது, நல்ல டர்போவும் கம்ப்ரஸர் பக்கம் ஆயில் கக்கும். மூல காரணத்தை விட்டுவிட்டுப் புது டர்போ போட்டவர்கள் சில மாதத்தில் அதே பைப்பைத் திரும்பக் கழற்றிப் பார்த்து நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆயில் லெவல் மேக்ஸ் கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதிகம் ஊற்றினாலும் இதே கூத்துதான்.

பூஸ்ட்பிரியன்:
பார்த்துவிட்டேன். ப்ரீதர் சேரும் இடத்திலிருந்தே ஒரே ஆயில். டர்போ வீல் எங்கும் உரசவில்லை, முன்பின் ஆட்டமும் தெரியவில்லை. லெவல் சரியாக இருக்கிறது. ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து அப்படியே மேலே வைத்தேன், துள்ளவில்லை, லேசாக உள்ளே இழுக்கிறது. அப்படியென்றால் ரிங் நன்றாகத்தானே இருக்கிறது? பிறகு பிரஷர் எங்கிருந்து வருகிறது?

ஸ்பானர்சாமி:
ஐடிலில் நன்றாக இருந்து பூஸ்டில் மட்டும் பிரஷர் ஏறினால் எனக்கு முதலில் தோன்றுவது பிசிவியின் ஒருவழி வால்வு. அது மூடாவிட்டால் பூஸ்ட் காற்று நேராக கிராங்க்கேஸுக்குள் புகுந்து, ஆயிலை வாரிக்கொண்டு ப்ரீதர் வழியாக டர்போவுக்கே வந்து சேரும். வால்வைக் கழற்றி இரு பக்கமும் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். வாயை வைத்து நேராக ஊதாமல் ஒரு சுத்தமான டியூப் மாட்டி ஊதுங்கள், அதற்குள் இருப்பது நல்ல சரக்கு இல்லை. சில எஞ்சின்களில் இந்த வால்வு எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவருக்குள்ளேயே இருக்கும், தனியாகக் கிடைக்காது, கவரோடுதான் மாற்ற வேண்டியிருக்கும்.

சும்மாவந்தேன்:
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி, ப்ரீதர் ஹோஸைப் பிடுங்கி வெளியே தொங்கவிட்டால் முடிந்தது கதை.

மூன்றாம்கியர்:
முடியாது. ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கும் வண்டியில் ஹோஸைப் பிடுங்கிய ஓட்டை வழியாக அளக்காத காற்று உள்ளே போகும், ஐடில் தடுமாறும், எச்சரிக்கை விளக்கு எரியும். ஓட்டையை அடைத்தாலும் ஆயில் புகை கேபினுக்குள் நாறும். சாலையில் ஓடும் வண்டியில் இப்படி விடுவதற்குப் பல நாடுகளில் தடையும் உண்டு.

கேட்ச் கேன் வேறு விஷயம். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வைக் கழுவாது, அதனால் இந்த ஆயில் ஆவி வால்வின் முதுகில் கரியாகப் படியும். அதைக் குறைக்க நல்ல கேன் உதவும். ஆனால் உள்ளே தடுப்புத் தகடோ கம்பி வலையோ இல்லாத வெறும் டப்பாவாக இருந்தால் ஆவி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே போய்விடும். குளிர்ந்த இடத்தில் தண்ணீரும் சேரும், அது ஹோஸில் உறைந்து அடைத்தால் கிராங்க்கேஸ் பிரஷர் எகிறி சீல் ஏதாவது ஒன்றைத் தள்ளிவிடும். அடிக்கடி திறந்து வடிக்கப் பொறுமை இருந்தால் போடுங்கள். கெட்ட வால்வை அது சரிசெய்யாது.

பூஸ்ட்பிரியன்:
வால்வு இரண்டு பக்கமும் தாராளமாகக் காற்று விடுகிறது. நல்ல வேளை, தனியாகக் கிடைக்கிறது, ஆர்டர் போட்டாயிற்று. இன்டர்கூலரைக் கழுவ வேண்டுமா?

ஸ்பானர்சாமி:
கழுவுங்கள், இல்லாவிட்டால் பழைய ஆயில் வந்துகொண்டே இருக்கும், புது வால்வு வேலை செய்கிறதா என்றே தெரியாது. பெட்ரோலோடு ஆயிலும் எரிந்தால் நாக்கிங் (எரிபொருள் நேரம் தப்பி வெடிப்பது) வேறு வரும். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து வடித்து, டிகிரீஸர் ஊற்றிக் குலுக்கி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கொஞ்ச நாள் ஓட்டிய பிறகு டிப்ஸ்டிக்கையும் பைப்பையும் பாருங்கள். அப்போதும் ஆயில் குறைந்தால் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் டெஸ்ட் எடுங்கள், காற்று ஆயில் மூடி வழியாகச் சீறினால் ரிங், சைலென்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு.